ஷீட்டை உடைப்பதற்கு முன்

ஒரு கோடை விடுமுறையில், பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பழைய வகுப்பறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேலே நின்ற இரண்டு பேர் சிமெண்ட் ஷீட்டைக் கடப்பாரையால் தட்டி, உடைந்ததை அப்படியே கீழே தள்ளினார்கள். ஒவ்வொரு துண்டும் விழும்போது சாம்பல் நிறத்தில் புகை கிளம்பியது. ஆயா சேலைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு வாரியலால் அதைக் கூட்டி அள்ளினார். கொத்தனாரிடம் சொல்லிப் பார்த்தேன். "வெறும் சிமெண்ட் தூசிதான அண்ணாச்சி, ஒண்ணும் செய்யாது" என்றார். அவர் மேல் தப்பில்லை, யாரும் அவருக்குச் சொன்னதில்லை. பழைய கட்டடத்தில் ஆபத்தான பொருள் இருக்கிறதா என்று ஆய்ந்து சொல்வதற்கென்றே கன்சல்டன்ட் ஒருவரைப் பல நாடுகளில் சம்பளம் கொடுத்து அமர்த்துகிறார்கள். அவருடைய வேலை எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஷீட்டில் கலந்திருப்பது ஆஸ்பெஸ்டாஸ், அதற்குத் தமிழில் கல்நார் என்று பெயர். கல்தான், ஆனால் நாராகக் கிழியும். பனை மட்டையில் நார் உரித்தவர்களுக்குத் தெரியும், கிழிக்கக் கிழிக்க நார் மெலிந்துகொண்டே வரும், ஓர் அளவுக்கு மேல் கிழியாது. கல்நார் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போன பிறகும் நீளவாக்கில் பிரிந்துகொண்டே போகும். அதன் தனி இழை நம் தலைமுடியைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மெலிந்தது. நம் ஊர் ஷீட்டில் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்த நார், மீதி பெரும்பாலும் சிமெண்ட். சிமெண்ட் இறுகப் பிடித்திருக்கும் வரை இழை வெளியே வராது. நெல்லை வெயிலிலும் மழையிலும் பல வருஷம் கிடந்து, மேலே பாசி படர்ந்து சிமெண்ட் அரிக்கும்போது இழை தலைகாட்டும். அறுத்தாலோ, துளை போட்டாலோ, உடைத்தாலோ மொத்தமாகப் பறக்கும். ஐந்து மைக்ரான் நீளமும் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனும் உள்ள ஓர் இழை, அசையாத காற்றில் மூன்று மீட்டர் கீழே இறங்கச் சுமார் நாலு மணி நேரம் ஆகும். காலையில் உடைத்த தூசி சாயங்காலம் வரை அறைக்குள்ளேயே மிதக்கலாம்.

மூச்சோடு உள்ளே போன இழையை விழுங்கிச் செரிக்க நுரையீரலின் துப்புரவு அணுக்கள் வரும். நீளமான இழை அவற்றுக்குள் அடங்காது. பாதி விழுங்கிய நிலையில் அணு திணறி, அரிக்கும் பொருள்களை வெளியே கொட்டும். அந்த இடம் புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். நுரையீரல் தழும்பேறி இறுகுவதும், நுரையீரல் புற்றுநோயும், நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் இந்த வழியில்தான் தொடங்குகின்றன. மீசோதீலியோமா தலைகாட்ட 20 முதல் 50 வருஷம் ஆகலாம். எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ஆனாலும் இறக்குமதியாகும் நாரில் இங்கே ஷீட் செய்வது இன்றும் நடக்கிறது.

நம் பள்ளிகளுக்கு இதில் தனிக் கதை உண்டு. 2004-ல் கும்பகோணத் தீயில் 94 குழந்தைகள் போன பிறகு பள்ளிகளில் கூரை வேய்ந்த கொட்டகைகளை அகற்றினார்கள். ஓலை போன பல இடங்களில் ஷீட் ஏறியது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை மாநிலம் முழுக்க நடந்தது. இரண்டுமே செய்தாக வேண்டிய வேலைகள். ஆனால் இடிப்பதற்கு முன் அந்தக் கட்டடத்தில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று பார்ப்பது தனி வேலை.

அமெரிக்காவில் 1986-ல் வந்த சட்டப்படி ஒவ்வொரு பள்ளியும் கல்நார் இருக்கிறதா என்று ஆய்வு செய்து, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி பார்க்க வேண்டும். அதற்கான கன்சல்டன்ட் முதலில் கட்டடத்தின் வயதையும் வரைபடத்தையும் கேட்பார். அப்புறம் அறை அறையாக நடப்பார். கூரை, மழைநீர்க் குழாய், தொட்டி, வெந்நீர்க் குழாயைச் சுற்றிய உறை, பழைய தரை ஓடு. சந்தேகம் வந்தால் அது கல்நார்தான் என்றே வைத்துக்கொள்வார், பரிசோதனையில் அது கல்நார் இல்லை என்று தெரியும் வரை. ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் அடித்து நனைத்து, காசளவு துண்டு ஒன்றைப் பெயர்த்து இரட்டைப் பையில் போட்டு மூடி, பெயர்த்த இடத்தையும் பூசி அடைப்பார். ஆய்வகத்தில் அதன் இழையை ஒரு குறிப்பிட்ட எண்ணெயில் ஊறவைத்து, முனைவுற்ற ஒளி (ஒரே தளத்தில் அதிரும் ஒளி) பாயும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். வெள்ளை வகைக் கல்நார் சுருண்டு அலையலையாகத் தெரியும், பழுப்பு வகையும் நீல வகையும் ஊசிபோல நேராக நிற்கும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்பதும் இதே ஆய்வில் சேரும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) ஈயம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

முடிவு எப்போதும் "எடுத்துவிடு" என்று வராது. முழுசாக, உறுதியாக இருக்கும் ஷீட்டைத் தொடாமல் விடலாம், மேலே பூச்சு அடிக்கலாம், கீழே தடுப்புக் கூரை போடலாம். இந்த முடிவு நேர்மையாக இருக்க வேண்டுமானால் ஆய்வு செய்பவர் வேறு, அகற்றும் காண்ட்ராக்டர் வேறு என்று இருந்தே ஆக வேண்டும். அகற்றினால்தான் காசு என்பவர் எல்லாவற்றையும் அகற்றச் சொல்வார். வேலை முடிந்ததா என்று தானே பார்த்துக்கொள்பவர் முடிந்தது என்பார். டெண்டரில் இரண்டையும் ஒரே ஆளுக்குக் கொடுப்பதை நான் கடுமையாக எதிர்ப்பேன், எவ்வளவு மலிவாக வந்தாலும்.

அகற்றுவதாக இருந்தால் எந்த நாளில் என்பதையும் கன்சல்டன்ட் பார்த்துக் குறிக்க வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து மேல்காற்று கிளம்பிவிட்டால் திறந்த கூரையில் கை வைக்கவே கூடாது, கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் காற்று அது. ஷீட்டை நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடையாமல் கைமாற்றி இறக்க வேண்டும். தலையில் கட்டும் துண்டும் துணி மாஸ்க்கும் இந்த இழையைத் தடுக்காது, அதற்கென்று உள்ள வடிகட்டி முகமூடி வேண்டும். கழிவைத் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, பெயர் ஒட்டி, அபாயக் கழிவுக்கென்று அனுமதி பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும். கும்மிடிப்பூண்டியில் அப்படி ஒன்று இருக்கிறது. தாமிரபரணிக் கரையிலோ குளத்து மேட்டிலோ கொட்டக் கூடாது.

அறைக்குள் நடந்த வேலை என்றால் கடைசியில் காற்றைச் சோதிப்பார்கள். சின்ன பம்ப் ஒன்று அறைக் காற்றை ஒரு வடிதாள் வழியாக இழுக்கும். அந்தத் தாளை அசிட்டோன் ஆவியில் காட்டினால் கண்ணாடிபோல ஆகிவிடும். பிறகு நுண்ணோக்கியில் வைத்து, ஐந்து மைக்ரானுக்கு மேல் நீளமுள்ள இழைகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். ஒரு கன சென்டிமீட்டர் காற்றுக்கு 0.01 இழைக்குக் கீழே வந்தால்தான் பிரிட்டனில் அறையைத் திறக்க விடுகிறார்கள். பம்பை வைப்பதற்கு முன் கன்சல்டன்ட் அறை முழுக்க ஒரு சுற்று வருவார். ஜன்னல் விளிம்பு, கரும்பலகையின் மேல் சட்டம், மின்விசிறி இறக்கை என்று விரலால் தடவிப் பார்ப்பார். தூசி ஒட்டினால் மறுபடி ஈரத்துணி. அது ஒட்டாத அன்றைக்குத்தான் பம்ப் ஓடும், சாவி தலைமையாசிரியர் கைக்குப் போவது அதற்கும் பிறகு.