பேப்பர் இருந்தால் அமெரிக்காவில் பி.ஜி. சீட் கிடைத்துவிடுமா?

எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டைத் தொட்டதும் பிள்ளைகளுக்கு 'பேப்பர்', அதாவது ஆராய்ச்சிக் கட்டுரை, பற்றி ஒரு பரபரப்பு வந்துவிடுகிறது. "சார், எப்படியாவது ஒரு பேப்பர் போட்டாகணும். பேப்பர் இல்லன்னா அமெரிக்காவுல அப்ளிகேஷனையே பார்க்க மாட்டாங்களாம், சீனியர் சொன்னாங்க." தர்மபுரியில் சமூக மருத்துவம் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் இந்தப் பேச்சு முதலில் என் மேசைக்குத்தான் வரும். சர்வே, புள்ளியியல் எல்லாம் எங்கள் துறைச் சமாச்சாரம் என்று ஒரு நினைப்பு. இப்போது பெற்றோரும் வர ஆரம்பித்திருக்கிறார்கள். பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த ஓர் அப்பா, "பாப்பாவுக்கு ஏதோ ஆராய்ச்சி வேணுமாம். அதுக்கு எவ்வளவு சார் கட்டணும்?" என்று கேட்டார். பணம் கட்டி வாங்குகிற சங்கதி என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். இதை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்வியால்தான்.

முதலில் எந்த வாசல் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நம் நாட்டில் எம்.டி., எம்.எஸ். சேர நீட் பி.ஜி. இருக்கிறது: 200 கேள்வி, 800 மதிப்பெண், அதில் வரும் ரேங்க். எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற இடங்களுக்கு ஐ.என்.ஐ.சி.இ.டி.; அங்கேயும் ரேங்க்தான். நீங்கள் பத்து பேப்பர் போட்டிருந்தாலும் கவுன்சலிங்கில் அதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. இதைச் சொன்னால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். நீட்டுக்குப் படிக்கிறவர் படிப்பதுதான் சரி. பி.ஜி.க்குள் போன பிறகு தீசிஸ் இருக்கிறது, 2023 பி.ஜி. விதிமுறைப்படி ஆராய்ச்சி முறையியல் படிப்பும் கட்டாயம். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்க வாசல் வேறு மாதிரி. அங்கே ரேங்க் பட்டியல் என்று ஒன்று இல்லை. செப்டம்பரில் ஈராஸ் என்ற இணையதளம் வழியாக விண்ணப்பம் போகும். ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்குப் பிடித்தவர்களை இன்டர்வியூவுக்குக் கூப்பிடும். யாருக்கு எந்த மருத்துவமனை என்ற 'மேட்ச்' முடிவு மார்ச் மாதம் வரும், ஜூலையில் வேலை தொடங்கும். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டம் ஸ்டெப் 1; முன்பெல்லாம் அதன் மதிப்பெண்தான் முதல் சல்லடை. 2022 ஜனவரி முதல் அந்தத் தேர்வுக்கு பாஸ், ஃபெயில் மட்டும்தான். சல்லடை அங்கிருந்து அடுத்த கட்டத் தேர்வான ஸ்டெப் 2 சி.கே. மதிப்பெண்ணுக்கு நகர்ந்தது. கூடவே 'வேறு என்ன வைத்திருக்கிறாய்' என்ற கேள்வியும் பெரிதானது. பேப்பர் ஜுரம் ஏறியது அதற்குப் பிறகுதான்.

ஜுரத்தை ஏற்றிவிடுகிற ஓர் எண்ணும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேட்ச் நடத்தும் அமைப்பு 2022-ல் வெளியிட்ட கணக்கில், நியூரோசர்ஜரி கிடைத்த அமெரிக்க எம்.டி. (அங்கே அது நம் எம்.பி.பி.எஸ். மாதிரி அடிப்படைப் படிப்பு) மாணவர்களின் சராசரி ஆராய்ச்சிக் கணக்கு 25.5. இதைப் பார்த்துவிட்டு, "இருபத்தஞ்சு பேப்பரா சார்!" என்று ஒரு தம்பி முகம் வெளிறிப்போய் வந்தான். இருபத்தைந்து பேப்பர் இல்லை தம்பி. அந்தக் கணக்கில் மாநாட்டுச் சுருக்கம், மாநாட்டில் ஒட்டிவைக்கும் போஸ்டர், மேடைப் பேச்சு, பத்திரிகைக் கட்டுரை எல்லாம் சேர்த்தி. ஒரே வேலை மூன்று இடத்தில் போனால் மூன்று என்று கணக்கு. அது போக, நியூரோசர்ஜரி, டெர்மட்டாலஜி, பிளாஸ்டிக் சர்ஜரி எல்லாம் அமெரிக்கப் பிள்ளைகளே முட்டிமோதும் துறைகள். வெளிநாட்டுக் கல்லூரியில் படித்துவிட்டுப் போகிறவர்களில் பெரும்பகுதி போய்ச் சேருவது இன்டர்னல் மெடிசின், ஃபேமிலி மெடிசின், பீடியாட்ரிக்ஸ் போன்றவற்றில். அங்கே முதலில் பார்ப்பது ஸ்டெப் 2 மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், படிப்பு முடித்து எத்தனை வருடம் ஆயிற்று, அமெரிக்க மருத்துவமனை அனுபவம் உண்டா என்பவை. ஆராய்ச்சி அதற்கெல்லாம் பின்னால்தான். ஆனால் இன்டர்வியூவில் உட்கார்ந்த பிறகு அது முன்னால் வந்துவிடும். காரணம், பேச ஏதாவது வேண்டுமே!

நான் பார்த்ததில் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் மாணவி ஒருத்தி பென்னாகரம் பக்கத்து ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளின் பல் கறையைப் பார்த்தாள். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆழ்குழாய்க் கிணறுகளில் இந்தக் கறையை உண்டாக்கும் ஃபுளோரைடு அதிகம் என்பது நமக்குப் புதிதில்லை. கடினப்பாறைப் பூமி, அதிலுள்ள கனிமங்களிலிருந்து தண்ணீரில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 2013-ல் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்தது. பல் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயது வரைக்குள், குடித்த தண்ணீர்தான் கறையை முடிவு செய்யும். அப்படியானால் 2013-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குக் கறை குறைந்திருக்க வேண்டும். குறைந்திருக்கிறதா? அவள் கேள்வி அவ்வளவுதான். எந்த லேபும் வேண்டாம், ஒரு டார்ச்சும், கறையின் அளவைத் தரம்பிரிக்கும் டீன் குறியீட்டு அட்டையும் போதும்.

படிவத்தில் "குடிக்க எந்தத் தண்ணீர்?" என்று ஒரு கேள்வி வைத்திருந்தாள். போன வீட்டிலெல்லாம் "ஒகேனக்கல் தண்ணிதான்" என்ற ஒரே பதில். ஆனால் கறையுள்ள பற்களும் வந்துகொண்டே இருந்தன. ஒரு வீட்டில் பாட்டி களி கிண்டிக்கொண்டிருந்தார். இவள் சும்மா பேச்சுக் கொடுத்தபடி, "இது எந்தத் தண்ணி பாட்டி?" என்றாள். "களிக்கு எதுக்குக் கண்ணு நல்ல தண்ணி? போர் தண்ணிதான். பைப்புல வர்றது குடத்துல புடிச்சி வெச்சா குடிக்க மட்டுந்தான் பத்தும்." சோறு, களி, குழம்பு எல்லாமே போர் தண்ணீர். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் ஏறும். அன்று சாயங்காலமே "சமைக்க எந்தத் தண்ணீர்?" என்ற கேள்வியைச் சேர்க்க ஓடி வந்தாள். அப்படிச் சட்டென்று சேர்க்க முடியாது. ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் கல்லூரி எத்திக்ஸ் கமிட்டிக்குத் திருத்தம் எழுதிக் கொடுத்து அனுமதி வந்த பிறகுதான் கேட்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தாள்.

அந்த வேலை பெரிய பத்திரிகை எதிலும் வரவில்லை. ஒரு மாநாட்டில் போஸ்டராகப் போனது, அவ்வளவுதான். அமெரிக்க இன்டர்வியூவில் அவளிடம் அதிக நேரம் பேசியது அதைப் பற்றித்தான் என்று சொன்னாள். களி என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, திருத்தம் ஏன் எழுதினாய் என்பது வரை கேட்டிருக்கிறார்கள். இப்போது அங்கே இன்டர்னல் மெடிசின் ரெசிடென்ட், அதாவது பி.ஜி. பயிற்சி மருத்துவர். சீட் அந்த போஸ்டரால் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஸ்டெப் 2-ல் நல்ல மதிப்பெண் வைத்திருந்தாள். ஆனால் செய்த வேலையைப் பற்றி அவளால் மணிக்கணக்கில் பேச முடிந்தது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் பார்த்தேன். மாதிரி இன்டர்வியூ நடத்தித் தரச் சொல்லி ஒரு தம்பி வந்தான். பட்டியலில் ஐந்து பேப்பர், எல்லாம் ரிவ்யூ கட்டுரைகள், அதாவது மற்றவர்கள் எழுதியதைத் தேடித் தொகுப்பவை. ஒன்று மரபணு சிகிச்சை, இன்னொன்று மூளைக் கட்டி. "இதில் நீ செய்தது எந்தப் பகுதி?" என்றேன். "டேட்டா கலெக்‌ஷன் சார்." ரிவ்யூ கட்டுரையில் என்ன டேட்டா? எந்தத் தளத்தில் எந்தச் சொல் போட்டுத் தேடினீர்கள் என்றால் பதில் இல்லை. கடைசியில் சொன்னான்: கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் தன் பெயருக்கு டெலிகிராம் குரூப்பில் இடம் வாங்கினானாம். முதல் ஆசிரியருக்கு ஒரு ரேட், நான்காவது ஐந்தாவதுக்குக் குறைந்த ரேட். வீட்டில் பசு விற்ற காசு.

இந்த வியாபாரத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். சர்வதேச மருத்துவப் பத்திரிகை ஆசிரியர் குழுவின் விதிப்படி ஒருவர் ஆசிரியர் ஆக நான்கும் பொருந்த வேண்டும்: வேலையின் திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு வேலைக்கும் பொறுப்பு. காசு கொடுத்தது இதில் எங்கும் வராது. விண்ணப்பத்தில் பொய்யாகக் காட்டுவதும் புதிதில்லை. 1995-லேயே அமெரிக்காவில் குடல்நோய் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்களைச் சோதித்தார்கள். கட்டுரை வெளியிட்டதாகச் சொன்னவர்களில் சுமார் 30 சதவீதம் பேரின் கணக்கு உண்மையோடு ஒத்துப்போகவில்லை. அன்றிலிருந்து அவர்கள் உஷார். அனுப்பியது, ஏற்கப்பட்டது, வெளியானது என்று ஈராஸில் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். அனுப்பியதை 'வெளியானது' என்று போட்டால், மருத்துவக் கட்டுரைகளின் இணையப் பட்டியலான பப்மெட்டில் தேட ஒரு நிமிடம் போதும். நாளைக்கு அந்தப் பத்திரிகை கட்டுரையைத் திரும்பப் பெற்றால், அதில் உங்கள் பெயரும் காலத்துக்கும் நிற்கும்.

பத்திரிகையைத் தேர்ந்தெடுக்கும்போதும் கண் திறந்திருக்கட்டும். மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டோம் என்று மெயில் வந்தால் யாரும் படிக்கவில்லை என்று அர்த்தம். பப்மெட்டில், மெட்லைனில் இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் எழுதியிருப்பதை நம்பாமல் நீங்களே போய்ப் பாருங்கள்.

கேஸ் ரிப்போர்ட், அதாவது ஒரு நோயாளியைப் பற்றிய கட்டுரை, எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அபூர்வமான கேஸ் வந்தால் உடனே போனை எடுத்துப் படம் பிடிக்கிறீர்கள். அப்புறம் கண்ணில் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்ற நினைப்பு. போதாது. நம் ஊரில் கையில் பச்சை குத்தியதை வைத்தே இன்னார் அம்மா என்று சொல்லிவிடுவார்கள். மூக்குத்தி, தழும்பு எதுவும் காட்டிக்கொடுக்கும். நோயாளிக்குப் புரிகிற தமிழில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோர் சம்மதம் மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைப்படி ஏழு வயதுக்கு மேல் பிள்ளையின் இசைவும் வேண்டும். பன்னிரண்டைத் தாண்டினால் எழுத்தில். இன்டர்வியூவில் இதைக் கேட்கிறார்கள்.

"நேரம் எங்கே சார்?" என்பார்கள். ஐ.சி.எம்.ஆரின் குறுகியகால மாணவர் திட்டம் 1979 முதல் இருக்கிறது. எம்.பி.பி.எஸ். மாணவர் இரண்டு மாதத்தில் முடிக்கக்கூடிய வேலை, உதவித்தொகையும் உண்டு. அடிப்படை தெரியவில்லை என்றால் சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் இணையப் படிப்புகள் என்.பி.டெல். தளத்தில் இருக்கின்றன. வீடு வீடாகப் போக முடியாதவர்கள் மருத்துவ ஆவணப் பிரிவுக்குப் போகலாம். தொப்பூர் கணவாய் விபத்துகளில் வந்தவர்களின் கேஸ் ஷீட்டில் ஹெல்மெட், வந்து சேர்ந்த நேரம் என்று பார்த்தாலே ஒரு நல்ல கேள்வி கிடைக்கும். 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கு வரும் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று ஒரு கிராமத்தில் பார்த்தாலும் வேலைதான். ஆனால் பழைய கேஸ் ஷீட்டைப் புரட்டுவதற்கும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வேண்டும். நோயாளி சம்மதம் தேவையில்லை என்று விலக்குக் கொடுப்பது கமிட்டிதான், நாமாக முடிவு செய்துகொள்ள முடியாது. கமிட்டி எப்போது கூடும் என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். ஹவுஸ் சர்ஜன் ஆன பிறகு ஓடினால் அனுமதி வருவதற்குள் போஸ்டிங் முடிந்துவிடும்.

இன்னொன்று, பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுவது. கைடிடம் முதல் சந்திப்பிலேயே "மேடம், இதில் என் பெயர் எத்தனையாவதாக வரும்? யார் யார் பெயர் வரும்?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். நல்ல கைடு கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் சொன்னதை அன்று இரவே அவருக்கு நன்றி சொல்லும் மெயிலில் ஒரு வரியாக எழுதி அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.