நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதியவர் சொன்னால் மாத்திரையை நிறுத்தலாமா?

பினாங்கில் பார்மசி நடத்தும் என்னிடம் வாட்சப் விளம்பரத்தை நீட்டிக் கேள்வி கேட்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். "பாருங்கம்மா, பெரிய மருந்தியல் ஆய்வாளராம். நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதியிருக்காராம், ஆயிரக்கணக்கில் மேற்கோள் காட்டியிருக்காங்களாம். இனிப்பு நீர் (நீரிழிவு) மாத்திரையை நிறுத்திட்டு இந்த மூலிகைக் காப்ஸ்யூலை எடுக்கலாமா?" அந்த ஆய்வாளர் உண்மையிலேயே திறமையானவராக இருக்கலாம். ஆனால் அந்த எண்களில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

ஒருவர் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் குறிப்பிட்டால் அது ஒரு மேற்கோள். ஏற்றுக்கொண்டும் குறிப்பிடலாம், தவறு என்று மறுத்தும் குறிப்பிடலாம். கணக்கில் இரண்டும் ஒன்றுதான். கட்டுரையையும் மேற்கோளையும் சேர்த்துப் பார்க்கும் எச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு. ஒருவருக்கு அது 40 என்றால், அவருடைய 40 கட்டுரைகள் தலா 40 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. வருடம் போகப் போக அது ஏறலாம், அப்படியே நிற்கலாம். உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் முன்னால் நிற்பது 1951இல் லௌரி குழுவினர் எழுதியது, மூன்று லட்சத்துக்கும் மேல். அது புரதத்தை அளக்கும் ஓர் ஆய்வக முறை. எந்த நோயையும் தீர்ப்பதாக அது சொல்லவில்லை.

மேற்கோள் எண்ணிக்கை மனிதர்களை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு மருந்துத் துறையிலேயே ஒரு வேதனையான கதை உண்டு. 1980இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் போர்ட்டர், ஜிக் என்ற இருவர் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் எழுதினார்கள். மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளில் ஓபியம் வகை வலி மருந்து பெற்ற 11,882 பேரில், முன்பு போதைப் பழக்கம் இல்லாத நால்வருக்குத்தான் அடிமைத்தனம் பதிவானது என்றார்கள். அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் விழுங்குபவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 2017இல் அதே இதழில் அந்தக் கடிதத்துக்கு வந்த 608 மேற்கோள்களையும் அலசினார்கள். 72 விழுக்காட்டில் அது 'அடிமையாவது அபூர்வம்' என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டிருந்தது. 80 விழுக்காட்டுக்கும் மேல், அவர்கள் மருத்துவமனை நோயாளிகள் என்பதையே சொல்லாமல் விட்டிருந்தன. ஒருவர் எழுதியதை இன்னொருவர் மூலத்தைப் படிக்காமல் எடுத்துப்போட, அந்த நம்பிக்கையும் சேர்ந்துதான் வட அமெரிக்காவின் ஓபியாய்டு (ஓபியம் வகை மருந்து) நெருக்கடிக்கு வழி விட்டது. பல உயிர்கள் போயின. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கொரோனா காலத்தில் 36 நோயாளிகளை வைத்து வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கொரோனாவுக்கு உதவும் என்ற கட்டுரையும் ஆயிரக்கணக்கான மேற்கோள்களைப் பெற்றது. 2024 டிசம்பரில் அது திரும்பப் பெறப்பட்டது.

மறுபக்கமும் உண்டு. நம் வட மாநிலங்களில் கெத்தும் (கிராத்தோம்) இலைச் சாற்றைக் குடிப்பவர்களைப் பற்றி இங்கே யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளைப் பாருங்கள். கெத்துமை ஆராய்பவர்கள் உலகத்திலேயே குறைவு, புற்றுநோய் ஆய்வுக்கு வரும் மேற்கோள் அதற்கு வராது. அதற்காக அந்த வேலையின் மதிப்பு குறைந்துவிடுமா?

சரி, காப்ஸ்யூலுக்கு வருவோம். ஆய்வாளரின் பெயரை விட்டுவிட்டு அவர் எழுதியதைத் தேடுங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் சுருக்கம் இலவசமாகவே கிடைக்கும். சோதித்தது எலியிலா, மனிதரிலா? உங்களைப் போல ஏற்கெனவே மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களிலா? டப்பாவில் இருக்கும் அதே சாறா, அதே அளவா? பெரும்பாலும் எலியோடு நின்றிருக்கும். அப்புறம் டப்பாவில் எம்ஏஎல் எண்ணை, அதாவது மலேசிய மருந்துப் பதிவு எண்ணைப் பாருங்கள். அதில் இலக்கங்களுக்கு அடுத்து 'டி' எழுத்து வந்தால் பாரம்பரிய மருந்தாகப் பதிவானது; பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்துப் பதிந்திருப்பார்கள், சர்க்கரையைக் குணமாக்கும் என்று யாரும் சான்று கொடுக்கவில்லை. நீரிழிவைத் தீர்க்கும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதையே 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது.

டப்பாவோடு, கிளினிக்கில் கொடுத்த எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். கிளிக்லாசைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சர்க்கரையைக் குறைக்கும் மூலிகையும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும், அதனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் நான் பார்க்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டாம்.