கடிகாரத்தில் ஏன் பதினொன்று பத்து?

“ஒரு கடிகாரம் வரையுங்கள். எல்லா எண்களையும் எழுதுங்கள். முட்கள் பதினொன்று பத்தைக் காட்டட்டும்.” பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் ஒருவரிடம் தாளையும் பென்சிலையும் கொடுத்து மருத்துவர் இப்படிக் கேட்கும்போது, பக்கத்தில் நிற்கும் உறவினருக்குச் சங்கடமாக இருக்கும். சிறுபிள்ளைக்கு வைக்கும் தேர்வை இவருக்கு ஏன் வைக்கிறார்கள்? பக்கவாதத்துக்குப் பின் நினைவும் யோசனையும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் சோதனைகளில் இதுவும் ஒன்று. ஆனால் அந்த நேரத்துக்குள் ஒரு கண்ணி இருக்கிறது.

11 வட்டத்தின் இடப்பாதியில் இருக்கிறது. நிமிட முள் நிற்க வேண்டிய 2 வலப்பாதியில். இரண்டு பக்கமும் கவனம் போனால்தான் படம் சரியாக வரும். அதைவிட நுட்பமானது ‘பத்து’ என்ற சொல். காதில் பத்து என்று விழுகிறது. 11-க்கு அடுத்தே 10 என்ற எண்ணும் நிற்கிறது. கை அங்கே போகத் துடிக்கும். அந்த இழுப்பை அடக்கி, பத்து நிமிடம் என்றால் 2 என்று மாற்றிக்கொள்வதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. முள் 10-இல் போய் நின்றால், அந்தக் கடிவாளம் தளர்ந்திருக்கலாம். எண்கள் எல்லாம் வலப்பாதியிலேயே நெருக்கியடித்து நின்றால், வலப்பக்க மூளை அடிபட்டு, இடப்பக்க உலகமே கவனத்திலிருந்து நழுவியிருக்கலாம். வட்டம் கோணலாக இருப்பதற்குக் கை பலவீனம் மட்டுமே காரணமாகவும் இருக்கலாம். மதிப்பெண் தாளில் இவை எல்லாம் ஒன்றுபோலவே குறையும். எனக்கு இந்தச் சோதனைகளில் மதிப்பெண்ணைவிடப் பிழையின் முகம்தான் முக்கியமாகப் படுகிறது.

டிமென்ஷியாவை ‘மறதிநோய்’ என்று அழைத்து அழைத்து, நினைவு போவதுதான் அதன் தொடக்கம் என்று நம்பிவிட்டோம். அல்சைமர் நோயில் பெரும்பாலும் அது உண்மை. பக்கவாதத்துக்குப் பின்னால் வரும் பாதிப்பில் யோசனையின் வேகம் குறைவது, திட்டமிட முடியாமல் போவது, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடியாமல் திணறுவது ஆகியவை பல நேரங்களில் முந்திக்கொள்ளும். ஐந்து சொற்களைச் சொல்லிச் சில நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். சொல் வராவிட்டால், “அது ஒரு நிறம்” என்று குறிப்புக் கொடுப்பார்கள். குறிப்புக்குப் பின் சொன்ன விடைக்கு மதிப்பெண் கிடையாது. ஆனாலும் அது சொல்லும் செய்தி பெரிது: சொல் உள்ளே பதிந்திருக்கிறது, தேடி எடுக்கும் வழிதான் அடைபட்டிருக்கிறது.

1975-இல் வந்த எம்எம்எஸ்இ என்ற 30 மதிப்பெண் சோதனை இடம், நாள், நினைவு, மொழி ஆகியவற்றையே அதிகம் கேட்டது; திட்டமிடும் திறனைப் பெரும்பாலும் தொடவில்லை. அதனால் பக்கவாத நோயாளிகள் பலர் அதில் எளிதாகத் தேறிவிடுவார்கள். 2005-இல் மான்ட்ரியாலிலிருந்து வந்த மோகா சோதனை அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. அதிலும் 30 மதிப்பெண்தான்; 26-க்குக் கீழே போனால் சந்தேகம். பள்ளிப்படிப்பு 12 ஆண்டுகளோ அதற்குக் குறைவோ என்றால் ஒரு மதிப்பெண் கூட்டிக்கொடுப்பார்கள். ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் அடுக்கச் சொல்லும் கேள்வியும் அதில் உண்டு. தமிழில் ‘ப’ என்று கேட்டால் பா, பி, பு எல்லாம் சேர்த்தியா என்பதிலேயே நிமிடம் தீர்ந்துவிடும். இத்தகைய கேள்விகளை வெறுமனே மொழிபெயர்த்தால் போதாது.

பேச்சே போனவரிடம் வாயால் பதில் கேட்பதில் என்ன நியாயம்? பக்கவாதத்துக்கென்றே உருவாக்கி 2015-இல் வெளியிடப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு சோதனை இங்கேதான் வேறுபடுகிறது. அதன் பல கேள்விகளுக்கு விடையை விரலால் தொட்டுக் காட்டினால் போதும். பார்வையில் ஒரு பக்கம் நழுவினாலும் எதுவும் விடுபடாதபடி படங்களை நடுவில் மேலும் கீழுமாக அடுக்கியிருக்கிறார்கள். அந்த நழுவலைக் கண்டுபிடிக்கவே அதில் ஒரு தாள் முழுக்க 150 இதயப் படங்கள். 50 முழுமையானவை, மற்றவற்றின் கோட்டில் இடமோ வலமோ ஓர் இடைவெளி. முழு இதயங்களில் மட்டும் குறியிட வேண்டும். ஒருவர் தாளின் இடப்பக்கத்தையே தொடமாட்டார். இன்னொருவர் தாள் முழுவதும் தேடுவார். ஆனால் ஒவ்வொரு இதயத்தின் இடப்பக்க உடைசலையும் காணாமல், அதை முழுமை என்றே குறியிடுவார். ஒருவர் இழந்தது தன் இடப்பக்கத்தை. மற்றவர் இழந்தது பொருள்களின் இடப்பக்கத்தை. முதன்முதலில் படித்தபோது எனக்கு இது நம்ப முடியாததாக இருந்தது.

எப்போது சோதிப்பது என்பதும் சிக்கல்தான். முதல் நாட்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு டெலிரியம் என்ற திடீர்க் குழப்பநிலை வருகிறது. அப்போது எடுக்கும் மதிப்பெண்ணை வைத்து டிமென்ஷியா என்று முடிவுகட்ட முடியாது. மூன்று முதல் ஆறு மாதங்கள் பொறுப்பது வழக்கம். அதற்காகத் தொடக்கச் சோதனை வீண் இல்லை. இடப்பக்கம் வரும் வண்டியைக் கவனிக்காதவரைத் தனியே சாலைக்கு அனுப்பக் கூடாது என்பது அன்றே தெரிய வேண்டும். மனச்சோர்வையும் பார்க்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரை அது பிடிக்கிறது, எல்லாவற்றுக்கும் “தெரியாது” என்று சொல்லவும் வைக்கும்.

பழுது பக்கவாதத்துக்கு முன்பே இருந்ததா? இதை வீட்டாரிடம்தான் கேட்க முடியும். பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததோடு ஒப்பிட்டு இப்போது எப்படி என்று கேட்கும் வினாப்பட்டியல் ஒன்று இதற்கென இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2009-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, பக்கவாதம் வந்தவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு முன்பே டிமென்ஷியா இருந்தது. முதல் பக்கவாதத்துக்குப் பின் புதிதாக இன்னொரு 10 சதவீதம். பக்கவாதம் மறுபடியும் வந்தவர்களிலோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

கடைசியில் டிமென்ஷியா என்ற சொல்லை எழுத மதிப்பெண் மட்டும் போதாது. அன்றாட வாழ்க்கையைத் தானே நடத்த முடியாத நிலை இருக்க வேண்டும். மாத்திரைகளைத் தானே எடுத்துக்கொள்வதை ஒருவர் விட்டுவிட்டார் என்றால், டப்பாவைத் திறக்கக் கை வராமல் விட்டாரா, காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்று பிடிபடாமல் விட்டாரா? மூடியைத் திறந்து, நன்றாக இருக்கும் கையின் பக்கம் டப்பாவை நகர்த்தி வைத்து, அவர் எதை எடுக்கிறார் என்று பார்க்க வேண்டும்.