பனிமலைக்கு எந்தச் செவ்வாய்க்கிழமை?

ஜூலைக் குளிர்கால விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு முழங்கால்கள் வரத் தொடங்கிவிடும். நான் பிசியோதெரபிஸ்ட். மற்ற மாதங்களில் முதுகுவலிக்காரர்கள், பக்கவாதத்திலிருந்து மீண்டு வருகிறவர்கள், கால்பந்தில் கணுக்கால் பிசகிய பையன்கள். அந்த ஒரு வாரம் மட்டும் பனியில் விழுந்தவர்கள். டர்பன்காரர்களாகிய நாம் ஆண்டு முழுவதும் கடலோரத்தில் வியர்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான்கே நாளில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறோம். உடம்புக்கு அது அதிகம்தான்.

மே மாதமே கேள்வி வந்துவிடும். "ஆன்ட்டி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். கூட்டமில்லாத ஸ்கீ ரிசார்ட் எது?" நான் திருப்பிக் கேட்பது இதுதான்: "எந்தக் கிழமை போகிறீர்கள்?"

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு மலை மாற்றி மலை பார்க்க முடியும். நமக்கு எட்டுகிற தூரத்தில் உண்மையில் ஒரே இடம்தான், அண்டை நாடான லெசோத்தோவின் மலுட்டி மலையில் இருக்கும் ஆஃப்ரிஸ்கி. ஈஸ்டர்ன் கேப் மாகாணத்தில் ரோட்ஸ் கிராமத்துக்கு மேலே இருக்கும் டிஃபின்டெல் என்ற ஸ்கீ ரிசார்ட்டைப் பழைய ஆட்கள் இன்னும் சொல்லுவார்கள். அதை நம்பி விடுமுறை போடுவதற்கு முன், இந்த ஆண்டு இயங்குகிறதா என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். ஆஃப்ரிஸ்கியின் முதன்மைச் சறுக்குப் பாதை சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம். பெரிய மலைகளில் ஒரு சரிவில் நெரிசல் என்றால் பக்கத்துச் சரிவுக்குப் போய்விடலாம். இங்கே நன்றாகச் சறுக்குகிறவனும், நேற்றுத்தான் கற்றவனும், கற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவனும் ஒரே பாதையில்தான் இறங்க வேண்டும். நெரிசலான சனிக்கிழமையில் அந்தச் சரிவு நம் சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட் போலத்தான் இருக்கும். ஆட்களின் காலில் சக்கரம் கட்டிவிட்டதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அமைதியான இடம் வேண்டும் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் தூக்கத்தையும் சத்தத்தையும் மனதில் வைத்துக் கேட்கிறார்கள். நான் முழங்காலை மனதில் வைத்துப் பதில் சொல்கிறேன். புதிதாகக் கற்பவர்கள் வேகத்தைக் குறைக்க, காலில் மாட்டிய சறுக்குப் பலகைகளின் முன்முனைகளை நெருக்கி வால்களை அகட்டி வைப்பார்கள். அந்த நிலையில் முழங்காலின் உட்பக்கத் தசைநார் ஏற்கெனவே இழுபட்டு நிற்கிறது. எதிரே ஒருவர் திடீரென்று நின்றுவிட்டால், பதறித் திரும்புகிற அந்தக் கணத்தில் நார் கிழிகிறது. யாரும் மோத வேண்டியதில்லை, மோதிவிடுவோமோ என்ற பயம் போதும். என்னிடம் வந்த ஒரு பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இப்படித்தான் நடந்தது. கூட்டம் குறைந்த பாதையில் அவன் விழுந்து எழுந்து சிரித்திருப்பான்.

கீழே இருப்பவருக்கே முன்னுரிமை, மேலிருந்து வருகிறவர்தான் விலக வேண்டும் என்பது உலகமெங்கும் பனிச்சறுக்கின் அடிப்படை விதி. நம் பிள்ளைகளுக்குக் காரில் போகும்போதே இதைச் சொல்லிக் கொடுங்கள். பாதையின் நடுவில் உட்கார்ந்து படம் எடுக்கக் கூடாது என்பதையும். இதைப் பிள்ளைகளைவிட அப்பாக்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, நாளுக்கு வருவோம். அரசுப் பள்ளிகளுக்கு இப்போது ஒன்பது மாகாணங்களிலும் ஒரே நாட்காட்டி. முன்பு கடலோர மாகாணங்களும் உள்நாட்டு மாகாணங்களும் சற்று முன்பின்னாக விடுமுறை விட்டன. கூட்டம் பிரிந்து போயிற்று. இப்போது ஜோஹானஸ்பர்க்கும் டர்பனும் ஒரே வெள்ளிக்கிழமை மாலையில் பெட்டி கட்டுகின்றன. 2025 இல் ஜூன் 27 அன்று மூடி ஜூலை 22 அன்று திறந்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் இருந்தும் பெரும்பாலானோர் முதல் வாரத்திலேயே கிளம்பிவிடுகிறார்கள், சம்பளம் கையில் இருக்கும்போதே. ஜோஹானஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்திலிருந்து வருகிறவர்கள் வார இறுதிக்கு வந்து திரும்புகிறார்கள். ஆகவே என் கணக்கில் நல்ல நாட்கள் கடைசி வாரத்தின் செவ்வாய், புதன், வியாழன். காலையில் லிஃப்ட் ஓடத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரம் தங்கம். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எல்லாரும் களைத்திருப்பார்கள், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கிளம்புவார்கள். என் நோயாளிகளில் பலர் அந்த ஒரே ஒரு தடவையில் விழுந்தவர்கள்.

ஒரு சிக்கல் உண்டு. ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்துவிடும். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்ற வேண்டும், வீட்டில் விரதம், ஆயாவை (பாட்டியை) விட்டுவிட்டுப் போக முடியாது. அப்படியானால் அதற்கு முந்தைய செவ்வாய், புதனைப் பாருங்கள். தனியார் பள்ளிகளில் சில மூன்று பருவ முறையைப் பின்பற்றி ஆகஸ்ட்டில் விடுமுறை விடுகின்றன. அந்தப் பெற்றோர் ஆகஸ்ட் 9 மகளிர் தினத்தை ஒட்டிய நீண்ட வார இறுதியைத் தவிர்த்தால் போதும். இசைக் கொண்டாட்டம், போட்டி என்று ஏதாவது அறிவித்திருக்கிறார்களா என்பதையும் அறை பதிவு செய்வதற்கு முன் கேளுங்கள். நான்கு வயதுக் குழந்தை தூங்குகிற சுவருக்கு மறுபுறம் அந்த இசை ஒலிக்கக் கூடாது.

இனி உயரம். என்னை விட்டால் இதைப் பற்றி மட்டுமே எழுதுவேன்.

ஆஃப்ரிஸ்கி கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைவு. ஜோஹானஸ்பர்க்காரர்கள் ஏற்கெனவே 1,700 மீட்டர் உயரத்தில் வாழ்கிறவர்கள். அவர்களுக்கு இது பாதி ஏற்றம். நாமோ காலையில் டர்பனில் தேநீர் குடித்துவிட்டு மாலையில் அங்கே நிற்கிறோம். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். மூன்று வயதுக் குழந்தை சாப்பிட மறுக்கும், காரணமில்லாமல் அழும். "கார் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை", "பிடிவாதம்", "கண்ணேறு பட்டுவிட்டது" என்று அவரவர் நினைப்பதற்கேற்பப் பெயர் வைப்பார்கள். மறுநாள் காலையில் அந்தக் குழந்தைக்கு பூட்ஸ் மாட்டி வகுப்பில் விடுவார்கள்.

ஆகவே நான் சொல்வது: நேரே மேலே போய்ப் படுக்காதீர்கள். என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாயைத் தாண்டி ஹாரிஸ்மித், அங்கிருந்து கிளாரன்ஸ். சுமார் 1,800 மீட்டர். ஓர் இரவு, முடிந்தால் இரண்டு இரவு அங்கே தங்குங்கள். ஊர் அழகானது, அறைகளும் நெரிசலான நாட்களைத் தவிர எளிதாகக் கிடைக்கும். மலையேறுகிறவர்கள் பகலில் உயரே போய் இரவில் கீழே உறங்கு என்பார்கள். சிறு குழந்தையோடு போகிறவர்கள் கிளாரன்ஸிலிருந்தே ஒருநாள் போய் வரலாம். ஆனால் ஜூலையில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும், வழியில் இருக்கும் மொட்டெங் கணவாயின் வளைவுகளில் பனிக்கட்டி உறைந்திருக்கும், ஆகவே மூன்று மணிக்கே கிளம்பிவிட வேண்டும். மேலே தங்கியிருக்கும்போது யாருக்காவது உட்கார்ந்திருக்கும் நிலையிலேயே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ மாத்திரை தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கீழே இறக்குங்கள், அந்த நிமிடமே. பிறகு மருத்துவரிடம்.

நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத தாத்தாவைக் காண்பது அரிது. இன்சுலின் உறைந்துவிட்டால் பயன்படாது. காரின் டிக்கியில் விடாமல் சட்டையின் உட்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குளிர்ந்த வறண்ட காற்று ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் என்பதால் இன்ஹேலரும் பையில் அல்ல, கையில் இருக்கட்டும். அப்புறம் வெயில். நம் தோல் கறுப்பு, ஒன்றும் ஆகாது என்பார்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கக்கூடியது, உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது கதிரும் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. தோல் கறுப்பாக இருந்தாலும் விழி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பிறக்கவில்லையே.

எல்லையில் தாமதமானால் அன்றைய அமைதி அங்கேயே போய்விடும். கலிடன்ஸ்பூர்ட் எல்லைச் சாவடியில் கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட் வேண்டும். அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் கூட்டிப் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். காருக்குக் கடன் இன்னும் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம். உங்கள் மருத்துவக் காப்பீடு லெசோத்தோவிலும் செல்லுமா என்று ஒரு போன்.

அடுத்து பூட்ஸ். "அடுத்த வருஷமும் போடலாம்" என்று ஓர் அளவு பெரிதாக வாங்கும் நம் வழக்கம் பள்ளிச் சீருடைக்குச் சரி. ஸ்கீ பூட்ஸுக்குள் கால் நழுவினால் பலகை சொன்ன பேச்சைக் கேட்காது. வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது எடை, உயரம், வயது, திறமை எல்லாம் கேட்பார்கள். வம்புக்கு அல்ல. பூட்ஸைப் பலகையோடு பிடித்திருக்கும் பூட்டு எந்த அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் அமைக்கிறார்கள். எடையைப் பத்து கிலோ குறைத்துச் சொல்லும் அம்மாவுக்குப் பூட்டு தேவையில்லாதபோது கழலும். "எனக்கு நன்றாகத் தெரியும்" என்று சொல்லும் பதினாறு வயதுப் பையனுக்குத் தேவையானபோது கழலாது. பலகை திரும்பும், அதோடு முழங்காலும் திரும்பும். பிள்ளைகளுக்கு இந்தத் தமிழ் வாசிக்க வராது, நீங்களே வாசித்துச் சொல்லிவிடுங்கள்.

வசதி இருந்து டிசம்பரில் ஆல்ப்ஸுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். நம் பள்ளிகள் ஜனவரி நடுவில்தான் திறக்கின்றன. ஐரோப்பியப் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஜனவரி 7 வாக்கில் வகுப்புக்குத் திரும்பிவிடுவார்கள். இடையில் இருக்கும் அந்த ஒரு வாரம் மலை காலியாக இருக்கும், அறை விலையும் இறங்கியிருக்கும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே இரட்டிப்புக் காசு கொடுத்து வரிசையில் நிற்கும் நம்மவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. உயரமும் பாருங்கள்: பிரான்ஸின் லே ஜே போன்ற ஊர்கள் 1,200 மீட்டருக்குக் கீழேதான், ஆயா, தாத்தாவுக்கு இதம். கார் வராத ஊர் வேண்டுமென்றால் சுவிட்சர்லாந்தின் பெட்மெரால்ப். செங்கன் விசாவுக்குச் சில மாதங்கள் முன்பே நேரம் வாங்கிவிடுங்கள்.

எல்லாம் பார்த்துப் போயும் யாராவது விழத்தான் செய்வார்கள். விழும்போது முழங்காலுக்குள் 'டப்' என்று சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் பெரிதாக வீங்கினால் மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். முழங்காலுக்குள் இருக்கும் முன்சிலுவைத் தசைநார் (ACL) கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். மறுநாள் காலை வலி குறைந்ததென்று மீண்டும் பலகை மாட்டாதீர்கள். துணி சுற்றிய ஐஸ் வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள், ஊன்றாமல் வீடு வந்து சேருங்கள். வந்ததும் நல்லெண்ணெயைச் சூடாக்கி உருவிவிட ஒரு பெரியம்மா கட்டாயம் தயாராக இருப்பார். அவரை மூன்று நாளுக்கு முழங்கால் பக்கம் விடாதீர்கள். பாதத்தை வேண்டுமானால் பிடித்துவிடட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.