அயர்ன்கிளாட்: இரும்புக் கப்பலா, இரும்பு உடுத்த கப்பலா?

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்க்கப்பல் வகை ஒன்றைக் குறிக்கும் 'அயர்ன்கிளாட்' (ironclad) என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும், தமிழில் 'இரும்புக் கப்பல்' என்று எழுதிவிடத் தோன்றும். அது சரியில்லை. 'கிளாட்' என்றால் உடுத்திய, போர்த்திய என்று பொருள். துணியைக் குறிக்கும் 'கிளாத்' இதன் உறவுக்காரச் சொல்தான். இரும்பு இங்கே சட்டை, உடம்பு மரமாகவே இருக்கலாம். 1859இல் பிரான்ஸ் கடலில் இறக்கிய குளுவார் அப்படித்தான், மரக்கப்பலின் மேல் சுமார் 12 செ.மீ. தடிமனுக்கு இரும்புத் தகடு. அடுத்த ஆண்டு வந்த பிரிட்டனின் வாரியருக்கு உடலும் இரும்பு, ஆனாலும் கவசத் தகட்டுக்கு முட்டுக்கொடுக்கப் பின்னால் 18 அங்குலத் தேக்கு வைத்தார்கள்.

இந்தச் சட்டை எதற்கு? 1853இல் சினோப் துறைமுகத்தில் ரஷ்யர்கள் வெடிக்கும் குண்டுகளைப் போட்டு துருக்கியின் மரக்கப்பல்களைக் கொளுத்தியதோடு, இனி வெறும் மரம் தாங்காது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அப்புறம் அமெரிக்க உள்நாட்டுப் போர். எரிந்து மூழ்கிக் கிடந்த மெரிமாக் என்ற போர்க்கப்பலைத் தூக்கி, அதன்மேல் கூரைபோலச் சரிந்த இரும்புச் சுவர் எழுப்பி வர்ஜீனியா என்று பெயர் வைத்தது தெற்குத் தரப்பு. 1862 மார்ச் 8, அமெரிக்கக் கிழக்குக் கரையின் ஹாம்ப்டன் ரோட்ஸ்: சுட்ட குண்டெல்லாம் அந்தச் சரிவில் பட்டுத் தெறிக்க, அது நேராக வந்து வடக்கின் மரக்கப்பல்களில் கம்பர்லேண்டை முட்டி மூழ்கடித்தது, காங்கிரஸைத் தீக்கிரையாக்கியது. மறுநாள் வடக்கின் அயர்ன்கிளாட்டான மானிட்டர் எதிரே நின்றது. சுழலும் கோபுரத்தில் இரண்டே பீரங்கி. கோபுரத்தைச் சுற்றவிட்டால் நிறுத்துவது பெரும்பாடு, அதனால் சுற்றிக்கொண்டிருக்கும்போதே குறி பார்த்துச் சுட்டார்களாம். நாலு மணி நேரம் அடித்துக்கொண்டும் ஒன்றையொன்று மூழ்கடிக்க முடியவில்லை. (மானிட்டர் என்றால் எச்சரிப்பவர். நம் வகுப்பு மானிட்டரும் அதே சொல்தான்!)

சரி, தமிழில்? 'இரும்புடைக் கப்பல்' எனக்குப் பிடிக்கவில்லை, இரும்பை உடைக்கிற கப்பல் என்றும் படித்துவிடலாம். கவசத்துக்கு 'மெய்ம்மறை' என்ற அருமையான பழஞ்சொல் உண்டு, பதிற்றுப்பத்தில் சேரனையே 'சான்றோர் மெய்ம்மறை' என்கிறார்கள். ஆனால் 'மெய்ம்மறைக் கலம்' என்று எழுதினால் அடிக்குறிப்பும் சேர்த்துப் போடவேண்டியிருக்கும். என் ஓட்டு 'இரும்புக்கவசக் கப்பல்', சுருக்கமாகக் 'கவசக் கப்பல்'. 'அயர்ன்கிளாட் கியாரண்டி' என்று வரும் இடத்தில் மட்டும் கவசத்தையும் கப்பலையும் இழுக்காதீர்கள், அங்கே 'அசைக்க முடியாத உத்தரவாதம்' போதும்.