சுண்ணாம்பும் ஒரு கறுப்புப் பொருள்தான்

“பள்ளியில் ட்யூப்லைட்டை எல்லாம் எல்இடி ஆக்கிவிட்டோம். கரண்ட் பில் கொஞ்சம் குறைந்தது. ஆனால் மேல்மாடியில் இருக்கும் பத்தாம் வகுப்பில் மதியம் இரண்டு மணிக்கு மேல் உட்கார முடியவில்லை. ஃபேன் போட்டால் அனல்தான் இறங்குகிறது. ஏசி போடலாம் என்கிறார்கள் பெற்றோர்கள். போடலாமா?” என்று கேட்டிருக்கிறார் ஓர் ஆசிரியை.

ஏசியை அப்புறம் பார்க்கலாம் டீச்சர். முதலில் மொட்டை மாடிக்குப் போய் வாருங்கள், செருப்போடு.

இருபதுக்கு இருபது அடி வகுப்பறை என்றால் கூரை சுமார் 37 சதுர மீட்டர். உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். ஆக, அந்த ஒரு வகுப்பின் தலைமேல் மட்டும் 37 கிலோவாட் கொட்டுகிறது. சாம்பல் பூத்த பழைய சிமென்ட் தளம் இதில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்டுவைத்த குச்சிக்கு நிழலே விழாது. கோடை நண்பகலில் நம் ஊர்க் கட்டடங்களில் வெயில் வாங்குவது சுவர் இல்லை, கூரை. வாஸ்து பார்த்து வாசலை எந்தத் திசைக்கு மாற்றினாலும் கூரை மேலேதான் இருக்கப்போகிறது.

விழுங்கிய வெப்பத்தில் பெரும்பகுதியைத் தளம் வெளிக்காற்றிலேயே விட்டுவிடும். மிச்சம் கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கி, சில மணி நேரம் கழித்து அடிப்பக்கம் வந்து சேரும். அது சரியாக மதிய வகுப்பு நேரம். சூடான கூரை அகச்சிவப்புக் கதிராகப் பிள்ளைகளின் தலையில் இறங்குகிறது. ஃபேன் வியர்வையை உலர்த்தும், கதிரைத் தடுக்காது. போதாக்குறைக்கு, கூரையை ஒட்டித் தேங்கிய சூட்டுக்காற்றையும் கீழே தள்ளும்.

வெள்ளை அடித்தால் குளிரும் என்பது தெரிந்ததுதான். ஒளி திரும்பிப் போகிறது, அவ்வளவுதானே? இல்லை, பாதிக் கதைதான் அது. புதிதாகப் போட்ட பளபள தகரக் கொட்டகையும் வெயிலில் கணிசமான பங்கைத் திருப்பி அனுப்புகிறது. மதியம் அதில் கை வைத்துப் பாருங்கள், கொப்பளித்துவிடும்.

மீதிப் பாதி மார்கழியில் தெரியும். இரவில் வாசலில் நிறுத்திய பைக்கின் சீட் விடியும்போது நனைந்திருக்கும். பக்கத்திலேயே வேப்பமரத்தடியில் நின்ற பைக் காய்ந்திருக்கும். இரண்டையும் சுற்றி ஒரே காற்று. ஆனால் வெட்டவெளியில் நின்ற சீட் தன் வெப்பத்தை வானத்துக்கு அனுப்பி அனுப்பி, காற்றைவிடக் குளிர்ந்துபோய்விட்டது. அதனால்தான் அதன்மேல் பனித்துளி. மரத்தடிச் சீட்டுக்கு வானம் தெரியவில்லை, இலைகள்தான் தெரிந்தன.

காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்புக் கதிர்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் மட்டும் ஒரு சன்னல் திறந்தே கிடக்கிறது. நம் மொட்டை மாடி மாதிரி வெப்பநிலையில் இருக்கும் பொருள் அதிகம் உமிழ்வது எந்த அலைநீளத்தில்? ஏறக்குறைய 10 மைக்ரோமீட்டரில்! சன்னலுக்கு நட்டநடுவே. அந்தப் பக்கம் மைனஸ் 270 டிகிரி விண்வெளி. நம் ஊர் மாடியிலிருந்து அங்கே வெப்பத்தை அனுப்பக் கரண்டும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

சுண்ணாம்பின் சாமர்த்தியம் இங்கேதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது வெள்ளை, விழுந்ததைத் திருப்பிவிடும். அகச்சிவப்பிலோ கிட்டத்தட்ட கரி மாதிரிக் கறுப்பு. 90 சதவீதத் திறனோடு வெப்பத்தை உமிழும். தகரத்துக்கு இந்த இரண்டாவது வித்தை வராது. வாங்கிய கொஞ்ச வெப்பத்தையும் வெளியே விடத் தெரியாமல் வைத்துக்கொண்டு கொதிக்கும். ஈரப்பதம் கூடினால் சன்னல் சுருங்கும் என்பதால், சென்னையைவிடத் திருச்சி, கோவைப் பக்கம் இந்த வித்தை நன்றாகவே பலிக்கும்.

2014-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஹாஃப்னியம் ஆக்சைடும் சிலிக்கான் ஆக்சைடும் அடுக்கி, கொளுத்தும் வெயிலிலேயே சுற்றுக்காற்றைவிட 5 டிகிரி அளவுக்குக் குளிர்ந்த பரப்பைச் செய்து காட்டினார்கள். பிறகு அதே நாட்டின் இண்டியானா மாநிலத்துப் பர்டூ பல்கலைக்கழகத்தில் பேரியம் சல்பேட்டை வைத்து, 98 சதவீத ஒளியைத் திருப்பும் பெயிண்ட் வந்தது. அந்தக் கனிமம் ஆந்திரத்தின் மங்கம்பேட்டையில் மலையாகக் கிடக்கிறது. பெரும்பாலும் எண்ணெய்க் கிணறு தோண்டும் சேற்றில் கலக்கத்தான் போகிறது. கல் நம்மிடம், வெயில் நம்மிடம், பெயிண்ட் மட்டும் பிறந்தது இண்டியானாவில். நம் பல்கலைக்கழகங்களுக்கு இதற்கென்று இன்னும் நாலு காசு ஒதுக்கினால் என்னவாம்?

சரி, ஏசி. நாற்பது பிள்ளைகளின் உடம்புச் சூடே சுமார் 3 கிலோவாட். ஒன்றரை டன் ஏசி வெளியேற்றுவது 5 கிலோவாட் சொச்சம். மேலே கூரை காய்ந்துகொண்டிருந்தால் அது திணறும். குளிர் போகக்கூடாதென்று சன்னலை மூடினால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அந்தக் காசில் ஃபேனை மாற்றலாம். பழைய ஃபேன் 75 வாட் என்றால், கரண்ட் கம்மியாக இழுக்கும் மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட். நான்கு ஃபேன், நாளுக்கு எட்டு மணி நேரம், 200 நாள்: ஓர் அறைக்கே 288 யூனிட் மிச்சம்.

மாடி முழுக்கச் சுண்ணாம்பு அடிக்காதீர்கள், பாதி மட்டும் அடியுங்கள். ஒரு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கி, இரண்டு பாதியையும், அவற்றின் அடிப்பக்கத்தையும் மணிக்கொரு தரம் பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள். தண்ணீர்த் தொட்டியின் ஸ்டீல் மூடியை நோக்கி நீட்டினால் தப்பான எண் வரும், ஏனென்று அவர்களே சொல்லட்டும். அதன்மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி மறுபடி அளக்கலாம். ஒரு வருஷத் தூசிக்குப் பிறகு வெள்ளைப் பாதியைக் கழுவுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த எண்களை எனக்கு அனுப்புங்கள்.