டெக்கைச் செங்கல்லில் தொங்க விடாதீர்கள்

மே மாதம் இரண்டு ஞாயிறு நல்ல வெயில் அடித்தால் போதும், ரொறன்ரோப் பக்கம் நம்மவர்களுக்கு டெக் ஆசை, அதாவது வீட்டோடு சேர்த்துத் திறந்த மரமேடை போடும் ஆசை, வந்துவிடும். கட்டுவதற்கு முன் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. கட்டி, மூன்று நான்கு பனிக்காலம் போய், வீட்டை விற்கும்போதுதான் கூப்பிடுவார்கள். வீட்டுப் பரிசோதகனின் தலைவிதி அது.

போன வாரம் ஏஜாக்ஸில் ஒரு வீடு. மேலே எல்லாம் பளபளப்பு: கண்ணாடித் தடுப்பு, படிக்குப் படி விளக்கு. கீழே புகுந்து டோர்ச் அடித்தால், டெக்கை வீட்டுச் சுவரோடு பிடித்திருக்க வேண்டிய லெட்ஜர் பலகை ஒரு விரல் அகலம் விலகி நிற்கிறது. போல்ட் ஒன்று தான் இறங்கியிருந்த செங்கல்லையே உடைத்து, ஒரு துண்டையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. வீட்டுக்காரர் அசரவில்லை. "கல்லுச் சுவரிலதானே தம்பி அடிச்சிருக்கு, பிறகென்ன பயம்?"

இந்த ஒரு வசனத்தை இனியும் கேட்கப் பொறுமையில்லாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஊரில் கல்வீடு என்றால் கல்தான் கூரையைச் சுமக்கும். இங்கே ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்துப் புறநகர் வீடுகள் அநேகமாக எல்லாமே மரச்சட்ட வீடுகள். வெளியே தெரிவது சுமார் 90 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரே ஒரு வரிசைச் செங்கல். அதற்குப் பின்னால் ஓர் அங்குலம் வெறும் காற்று. அதற்கும் பின்னால்தான் உண்மையான சுவர், மரம். செங்கல் சாய்ந்துவிடாமல் இடையிடையே மெல்லிய தகரப் பட்டிகள் பிடித்திருக்கும், அவ்வளவுதான். அது வீடு போட்டிருக்கும் சட்டை. சட்டைக் கொலரில் ஆளைத் தொங்க விடுவீர்களா?

12 அடிக்கு 16 அடி டெக் ஒன்று, கட்டடச் சட்டப்படி ஏறக்குறைய 3,500 கிலோ ஆட்பாரத்தைத் தாங்க வேண்டும். சுவரில் பொருத்தினால் அதில் பாதி லெட்ஜரின் தலையில். அந்தப் பாதியைத்தான் சட்டையில் மாட்டுகிறீர்கள்.

"நீளமான போல்ட் போட்டு உள்ளே இருக்கிற மரத்தையே பிடிச்சிடுவம்" என்று சில கொந்திராத்துக்காரர் கெட்டித்தனம் காட்டுவார்கள். நடுவே காற்றுவெளியில் அந்தப் போல்ட்டுக்கு என்ன ஆதாரம்? பாரம் ஏறினால் அது வளைந்து செங்கல்லை நெரிக்கும். மரம் காய்ந்து சுருங்கும், செங்கல் சுருங்காது, இரண்டும் ஒன்றாக அசையவும் மாட்டா. போல்ட் ஓட்டை வழியே தண்ணீர் போவது தனிக்கதை.

உங்கள் சுவர் எந்த வகை? கீழ் வரிசைச் செங்கற்களைப் பாருங்கள். சாந்து இல்லாமல் இடைக்கிடை சிறு நெட்டுக்குத்து இடைவெளிகள் இருந்தால் அவை நீர் வடியும் ஓட்டைகள், சுவர் வெறும் சட்டைதான். (அவற்றை எறும்பு வரும் என்று சிலிக்கன் வைத்து அடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அடைக்காதீர்கள்.) நகரத்துக்குள் உள்ள மிகப் பழைய வீடுகளில் உண்மையாகவே இரட்டைச் செங்கல் சுவர் உண்டு. சில வரிசைகளில் செங்கல்லின் குறுகிய முனை வெளியே தெரியும். அங்கும் பழஞ்சாந்து உதிர்ந்திருக்கலாம், பொறியியலாளர் பார்த்துச் சொல்லட்டும்.

சரி, அப்போ என்ன செய்வது? வீட்டைத் தொடாமல் தன் காலிலேயே நிற்கும் டெக் கட்டுங்கள். வீட்டுப் பக்கமும் உத்தரமும் தூண்களும் வரும், செலவு கொஞ்சம் கூடும். தூண் அடித்தளம் 1.2 மீட்டர் ஆழம் போக வேண்டும், இல்லாவிட்டால் உறைபனி அதைத் தூக்கிவிடும். சுவரை ஒட்டித் தோண்ட வேண்டாம், அங்கே இருப்பது பேஸ்மென்ட் வெட்டிய பின் நிரப்பிய மண். தூணைச் சில அடி தள்ளிப் போட்டு, ஜொயிஸ்ட்களை (மேடைப் பலகைகளைத் தாங்கும் மரங்களை) வீட்டுப் பக்கம் நீட்டிவிடலாம். எவ்வளவு நீட்டலாம் என்பதை வரைபடம் சொல்லும், மச்சான் சொல்லக் கூடாது. தோண்டுவதற்கு ஐந்து வேலை நாட்களுக்கு முன்பாவது ஒன்டாரியோ வன் கோலுக்குச் சொல்லுங்கள். நிலத்தடிக் குழாய், வயர் எங்கே போகிறது என்று இலவசமாகவே அடையாளம் போட்டுத் தருவார்கள்.

செங்கல்லுக்குப் பதிலாக வெளியே பிளாஸ்டிக் அல்லது தகரப் பட்டிகள் போர்த்திய சைடிங் வீடு என்றால் லெட்ஜர் போடலாம். ஆனால் சைடிங்கைக் கழற்றி, மரத்தில் போல்ட் போட்டு, தண்ணீர் பின்னால் இறங்காமல் மேலே தகர மடிப்பு வைத்து. வெறும் ஆணி கூடவே கூடாது. உக்காமல் இருக்க மருந்தேற்றிய பச்சை நிற மரத்தில் இப்போது செம்பு மருந்து அதிகம், சாதா ஆணியை அது தின்றுவிடும். ஹொட் டிப் கல்வனைஸ்ட் (உருகிய துத்தநாகத்தில் தோய்த்தது) அல்லது ஸ்டெயின்லெஸ் மட்டும் வாங்குங்கள்.

நிலத்திலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் ரொறன்ரோவில் பெர்மிட் வேண்டும். மற்ற நகரசபைகளில் கேட்டுக்கொள்ளுங்கள். "பெர்மிட் எடுத்தா வரி கூடும்" என்று ஒளிப்பவர்களே, 2003இல் சிகாகோவில் விருந்து நடந்துகொண்டிருந்த மரத் தாழ்வாரம் சரிந்து 13 பேர் செத்தார்கள். தடுப்புக் கம்பிகளின் இடைவெளி 100 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, குழந்தையின் தலை நுழையும்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: இந்தச் சனிக்கிழமை ஒரு டோர்ச்சோடு கீழே போய்ப் பாருங்கள். லெட்ஜர் செங்கல்லில் இருந்தால், திருத்தி முடியும்வரை பிறந்தநாள் விருந்தைப் புல்லில் வையுங்கள். பார்பிக்யூவையும் கதிரைகளையும் இறக்க இரண்டு பேர் போதும்.